டா வின்சி எழுதிய வேலை விண்ணப்பம்

"உலகின் முதல் ரெஸ்யூமை எழுதியவர் லியொனார்டோ டா வின்சி." பிளேஸ்மெண்ட் வகுப்புகளில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடும் வரி இது. சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். அதில் என்ன எழுதியிருந்தது, யாருக்கு எழுதினார், எழுதியதெல்லாம் உண்மைதானா, கடைசியில் வேலை கிடைத்ததா... இதையெல்லாம் சொல்ல அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

"முதல்" என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ராஜாக்களிடமும் பிரபுக்களிடமும் வேலை கேட்டு எழுதுவது அவருக்கு முன்பே இருந்த பழக்கம்தான். ஆனால் அந்தக் கடிதம் கட்டுக்கதை இல்லை. இத்தாலியின் மிலான் நகரத்தில் ஆம்ப்ரோசியானா என்றொரு பழைய நூலகம் இருக்கிறது. அங்கே லியொனார்டோ விட்டுச்சென்ற காகிதங்களைச் சேர்த்துக் கட்டிய கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் என்ற பிரம்மாண்டமான தொகுப்பில் அது ஒரு தாள். தேதி போடவில்லை. 1482-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. பெறுநர், அப்போது மிலானின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்சா.

இந்தத் தாளில் ஒரு வேடிக்கை உண்டு. லியொனார்டோ இடது கைக்காரர். தன் நோட்டுகளில் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் காட்டினால் மட்டுமே சுலபமாகப் படிக்க முடிகிற மாதிரி எழுதுவார். இந்தக் கடிதமோ எல்லோரையும் போல இடமிருந்து வலமாக, சுத்தமான கையெழுத்தில் இருக்கிறது. அது அவர் கையெழுத்து கிடையாது. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார். (இந்தக் காலத்தில் ரெஸ்யூமை நண்பனிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல்வது மாதிரி!) நம்மிடம் இருப்பது அனுப்பிய பிரதியும் அல்ல, ஒரு வரைவு. கடல் சண்டையைப் பற்றிய பத்தி நான்காவதற்கு அடுத்து வருகிறது, ஆனால் அதற்குக் கொடுத்திருக்கும் எண் ஒன்பது. அதாவது எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் தள்ளுவது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். மிலான் கடலோர ஊர் இல்லை. கடல் பின்னால் போனதில் ஆச்சரியம் இல்லை.

சரி, அவருக்கு ஏன் வேலை தேட வேண்டிய நிலைமை வந்தது?

1482-ல் லியொனார்டோவுக்கு வயது 30. மோனா லிசா இல்லை, கடைசி விருந்து இல்லை. வின்சி என்ற சிற்றூரில் 1452-ல் பிறந்தவர். தந்தை செர் பியரோ, பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்யும் நோட்டரி. தாயை அவர் மணந்துகொள்ளவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் தொழிலில் இடம் கிடையாது, நோட்டரிகளின் சங்க விதி அப்படி. லத்தீன் படிப்பும் முறையாக அமையவில்லை. "படிக்காதவன்" என்று தன்னைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே கொஞ்சம் கோபத்தோடு குறித்து வைத்திருக்கிறார். புளோரன்ஸ் நகரத்தில் வெரோக்கியோ என்ற பெரிய கலைஞரின் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டார். 1472-லேயே ஓவியர்களின் சங்கத்தில் உறுப்பினர்.

அதற்குப் பிறகு பத்து வருஷம். கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 1481 மார்ச்சில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. புளோரன்ஸுக்கு வெளியே இருந்த சான் டொனாடோ மடத்துத் துறவிகள், குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் காட்சியைப் பெரிய ஓவியமாக வரையச் சொன்னார்கள். அந்த மடத்துக்குப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தவர் அவர் தந்தைதான் என்பதால், இது அப்பாவின் சிபாரிசில் வந்த வேலையாக இருக்கலாம். அதிகபட்சம் 30 மாதத்தில் முடித்துத் தருவதாக ஒப்பந்தம். பணம் ஒழுங்காகக் கையில் வரவில்லை. மடத்துக் கடிகாரத்துக்கு வண்ணம் பூசிக் கொடுத்ததற்காக அவருக்கு விறகு கொடுத்ததாகக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது! கோதுமை, சிவப்பு வைன் என்று இன்னும் சில பதிவுகள். அதே ஆண்டு அக்டோபரில் ரோமில் சிஸ்டைன் தேவாலயச் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட போப்பாண்டவர் கலைஞர்களை ஒப்பந்தம் செய்தார். போட்டிசெல்லி, கிர்லாண்டாயோ, ரோசெல்லி, பெருஜினோ என்று புளோரன்ஸில் தொழில் செய்தவர்கள் வரிசையாக இடம்பெற்ற அந்தப் பட்டியலில் லியொனார்டோவின் பெயர் இல்லை.

துறவிகளின் ஓவியத்தை அவர் முடிக்கவேயில்லை. பழுப்பு வண்ணக் கோடுகளோடு பாதியில் நின்றுபோன அந்தப் பலகை இப்போது உஃபிஸி அருங்காட்சியகத்தில் உலகமே பார்க்கும் பொருள். அன்றைக்கு அது ஒரு முடிக்காத ஆர்டர், அவ்வளவுதான். "இவன் கெட்டிக்காரன், ஆனால் முடித்துத் தர மாட்டான்" என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால் அதே ஊரில் பிழைப்பது கஷ்டம்.

இப்போது பெறுநரின் பக்கம் போவோம், ஏனென்றால் கடிதத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ஃபோர்சா குடும்பம் பரம்பரை ராஜ குடும்பம் கிடையாது. லுடோவிகோவின் தந்தை பிரான்செஸ்கோ, கூலிக்குச் சண்டை போடும் படைத் தலைவராக இருந்து, 1450-ல் மிலானைப் பிடித்து டியூக் ஆனவர். அவருடைய மூத்த மகன் கலியாட்ஸோ மரியா 1476 டிசம்பரில் தேவாலயத்தில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். பட்டத்துக்கு வந்தது அவருடைய ஏழு வயது மகன். 1480-ல் அந்தச் சிறுவனின் சார்பில் ஆள்கிறேன் என்று அதிகாரத்தைக் கைப்பற்றியவர்தான் சித்தப்பா லுடோவிகோ. ஆக, நாற்காலி இவருடையது இல்லை. போதாக்குறைக்கு 1482-ல் வெனிஸ் நகரம் ஃபெராரா மீது போர் தொடுத்தது. மிலான் ஃபெராராவின் பக்கம். லுடோவிகோவுக்கு அப்போது இரண்டு தேவைகள்: போருக்குத் தளவாடம், குடும்பத்துக்குக் கௌரவம்.

இரண்டாவது தேவைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. தன் தந்தை பிரான்செஸ்கோ குதிரைமேல் அமர்ந்திருப்பது போல வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்று கலியாட்ஸோ மரியா 1473-லேயே ஆசைப்பட்டு, அதைச் செய்யத் தெரிந்த ஆளைத் தேடச் சொன்னார். ஆள் கிடைக்கவில்லை. சிலை வைக்க நினைத்தவரும் செத்துப் போனார். அந்த இடம் காலியாகவே இருந்தது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கடிதத்தைப் பார்த்தால்தான் அது எவ்வளவு சாமர்த்தியமான கடிதம் என்று புரியும்.

ஆரம்பமே இப்படித்தான் போகிறது: போர்க் கருவிகள் செய்வதில் வல்லவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களின் வேலையை எல்லாம் பார்த்துவிட்டேன், வழக்கமாகப் புழக்கத்தில் இருப்பதைவிட அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை, யாரையும் குறை சொல்லாமல் என் ரகசியங்களைத் தங்களுக்குத் தெரிவிக்கிறேன் என்கிறார். (குறை சொல்லிவிட்டுத்தான் "குறை சொல்லாமல்" என்கிறார், கவனிக்கவும்.) அதற்குப் பிறகு எண் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எடை குறைந்த, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாலங்கள் செய்வேன். எதிரியைத் துரத்தவும் உதவும், தேவைப்பட்டால் தப்பி ஓடவும் உதவும். எதிரியின் பாலங்களை எரிக்கும் வழியும் தெரியும். கோட்டையை முற்றுகையிடும்போது அகழியின் தண்ணீரை வடிப்பேன், ஏணிகள் செய்வேன். பீரங்கிக்கு எட்டாத கோட்டையாக இருந்தால், அது பாறைமேல் கட்டியதாகவே இருந்தாலும் இடிக்க வழி வைத்திருக்கிறேன். சிறு கற்களை ஆலங்கட்டி மழை மாதிரி பொழிகிற, புகையாலேயே எதிரியைக் கதிகலங்க வைக்கிற பீரங்கிகள். சத்தமே இல்லாமல் ஆற்றுக்கு அடியில்கூடத் தோண்டிக்கொண்டு போகும் சுரங்கப் பாதைகள். எதிரியின் கூட்டத்துக்குள் பீரங்கியோடு புகுந்துபோகிற மூடிய வண்டிகள், அவற்றின் பின்னால் காலாட்படை காயமில்லாமல் நடந்துபோகலாம். பீரங்கி உதவாத இடத்தில் கல்லெறியும் பொறிகள். கடலில் சண்டை என்றால் அதற்குத் தனிக் கருவிகள்.

மொத்தம் பத்து பத்திகள். அதில் ஒன்பது இந்த மாதிரி யுத்த சமாச்சாரம்!

பத்தாவதில்தான் சமாதான காலம் வருகிறது. கட்டடக் கலையிலும், தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதிலும் யாருக்கும் சளைத்தவன் இல்லை என்கிறார். பளிங்கிலும் வெண்கலத்திலும் களிமண்ணிலும் சிலை செய்வேன் என்கிறார். ஓவியமும், வேறு எவரோடு வேண்டுமானாலும் ஒப்பிடும் அளவுக்கு வரைவேன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உலகம் அவரை எதற்காக நினைவு வைத்திருக்கிறதோ, அதற்குக் கடிதத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அதன் பிறகு வருவது கடிதத்தின் முக்கியமான வரி. வெண்கலக் குதிரையைச் செய்ய முடியும், தங்கள் தந்தையின் நினைவுக்கும் ஸ்ஃபோர்சா குடும்பத்துக்கும் அது அழியாப் புகழாக இருக்கும் என்கிறார். ஒன்பது வருஷமாக ஆள் கிடைக்காமல் கிடந்த வேலை அது. அந்த விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. வெரோக்கியோவே அந்தச் சமயத்தில் வெனிஸுக்காகக் கொலியோனி என்ற தளபதியின் குதிரைச் சிலை வேலையில் இறங்கியிருந்தார், அதனால் பட்டறைப் பேச்சாகக்கூட வந்திருக்கலாம். கடைசியில், சொன்னதில் ஏதாவது நடக்காது என்று யாருக்காவது தோன்றினால் தங்கள் தோட்டத்திலோ தாங்கள் விரும்பும் வேறு இடத்திலோ செய்து காட்டத் தயார் என்று பணிவோடு முடிக்கிறார். இதுதான் இண்டர்வியூவுக்குக் கூப்பிடச் சொல்லும் பகுதி.

கடிதத்தில் இருப்பதைவிட இல்லாததுதான் இன்னும் சுவாரஸ்யம். தந்தை பெயர் இல்லை. குரு வெரோக்கியோவின் பெயர் இல்லை. எங்கே படித்தார், எத்தனை வருஷ அனுபவம், இதுவரை என்னென்ன வரைந்தார், எதுவும் இல்லை. பாதியில் விட்ட ஓவியத்தைப் பற்றி எழுதாதது புரிகிறது, முடித்த ஓவியத்தைப் பற்றிக்கூட எழுதவில்லை.

அப்படிப்பட்ட பட்டியல் அவரிடம் இல்லாமலும் இல்லை. அதே கோடெக்ஸ் அட்லாண்டிகஸில், ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு தாள் இருக்கிறது. அது அவர் கையில் இருந்த வேலைகளின் கணக்கு. இயற்கையைப் பார்த்து வரைந்த பூக்கள் நிறைய, புனித ஜெரோம் படங்கள் சில, பேனாவால் வரைந்த கிறிஸ்துவின் தலை, முடித்த மாதா படம் ஒன்று, ஏறக்குறைய முடிந்த இன்னொன்று, அடுப்புகளின் வரைபடம், கிழவர்களின் தலைகள், கழுத்துகள்... இப்படிப் போகிறது. நம்மில் பெரும்பாலானோர் எழுதும் பயோடேட்டா இந்த இரண்டாவது தாளைப் போலத்தான் இருக்கும். செய்ததையெல்லாம் வரிசையாகக் கொட்டி வைத்திருப்போம். லியொனார்டோ அந்தப் பட்டியலைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, லுடோவிகோவுக்கு வேறொரு தாளை எழுதினார். போருக்குப் போகப்போகிற ஒருவரிடம் "எட்டுப் பூப்படம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி என்ன பயன்?

இங்கே ஒரு சங்கடமான கேள்வி வருகிறது. அந்த ஒன்பது பத்தியும் உண்மையா?

முழுக்க உண்மை என்று சொல்ல முடியாது. 1482 வரை அவர் எந்தப் போரிலும் வேலை செய்யவில்லை. புளோரன்ஸில் இருந்தபோதே நீர் இறைக்கும் பொறிகளையும் சில கருவிகளையும் வரைந்து பார்த்திருக்கிறார், ஆகவே இயந்திர ஞானம் சும்மா சொன்னதில்லை. ஆனால் இன்று நாம் புத்தகங்களில் பார்க்கும் அவருடைய புகழ்பெற்ற ஆயுத வரைபடங்களில் பெரும்பாலானவை மிலானுக்குப் போனபிறகு வரைந்தவை. அந்த மூடிய வண்டியின் படம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, 1480-களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதில் போட்டிருக்கும் பற்சக்கர அமைப்பின்படி முன் சக்கரமும் பின் சக்கரமும் எதிரெதிர்த் திசையில் சுற்றும், வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. வேண்டுமென்றே அப்படி வரைந்தார் என்றும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பல யோசனைகள் வால்டூரியோ என்பவரின் யுத்தக் கலைப் புத்தகத்திலும் பார்க்கக் கிடைப்பவை. 1472-ல் அச்சான அந்தப் புத்தகத்தை லியொனார்டோ ஊன்றிப் படித்து அதிலிருந்து படங்களும் எடுத்திருக்கிறார்.

ஆக, கடிதத்தில் இருப்பது செய்து முடித்த வேலைகளின் கணக்கு இல்லை, என்னால் முடியும் என்ற வாக்கு. சுத்தப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பது பின்னால் நிரப்பிய ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து தெரிகிறது. ஆனால் நம்புவது வேறு, செய்து முடிப்பது வேறு. அந்த இடைவெளிதான் அடுத்த பதினேழு வருஷமும் அவரைப் படுத்தி எடுத்தது.

வேலை கிடைத்ததா? உடனே கிடைக்கவில்லை. அவர் மிலானுக்குப் போனது என்னவோ உண்மை. ஆனால் பாலம் கட்டுபவராகப் போகவில்லை, இசைக் கலைஞராகப் போனார் என்கின்றன பழைய வரலாறுகள். குதிரை மண்டையோட்டின் வடிவத்தில் வெள்ளியில் தானே செய்த ஒரு தந்தி வாத்தியத்தோடு போனார் என்று வசாரி எழுதுகிறார். கடிதத்தில் சொல்லாத ஒரே திறமை இசைதான், கதவைத் திறந்துவிட்டதும் அதுதான்! போன இடத்திலும் முதலில் கிடைத்த பெரிய வேலை லுடோவிகோவினுடையது அல்ல. 1483 ஏப்ரல் 25-ல் ஒரு மதச் சங்கத்தோடு தேவாலய ஓவியம் ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டார், உள்ளூர் ஓவியர்களான தெ ப்ரெதிஸ் சகோதரர்களோடு கூட்டாக. பாறைகளின் நடுவே மாதா என்று இன்று அறியப்படும் ஓவியம் அப்படித் தொடங்கியது. அதுவும் பணத் தகராறில் சிக்கிப் பல வருஷம் வழக்காக இழுத்தது.

அரண்மனைக்குள் அவர் மெல்ல மெல்லத்தான் நுழைந்தார். நுழைந்த பிறகும் ஆயுதம் செய்யச் சொல்லவில்லை. 1490 ஜனவரி 13-ல் நடந்த ஒரு விழாவுக்கு ஏழு கிரகங்களும் சுழலும் மேடை அமைத்துக் கொடுத்தார், ஊரே வாய்பிளந்தது. லுடோவிகோவின் காதலி செசிலியா கலெரானியை வரைந்தார். மிலான் பெரிய கோயிலின் கோபுரத்துக்கு 1487-ல் மாதிரி செய்து கொடுத்தார், அந்த வேலை வேறு ஆட்களுக்குப் போனது.

கடிதத்தின் முதல் ஒன்பது பத்திகளுக்கு உரிய வேலை வந்தபோது இருபது வருஷம் ஓடிவிட்டது. கொடுத்தவரும் லுடோவிகோ இல்லை. 1502-ல் போப்பின் மகன் செசாரே போர்ஜியா, கைப்பற்றிய ஊர்களின் கோட்டைகளைப் பார்வையிட லியொனார்டோவை நியமித்தார். ஆகஸ்ட் 18 தேதியிட்ட உத்தரவில் தன் கட்டடக் கலைஞர், தலைமைப் பொறியாளர் என்று குறிப்பிட்டு, எல்லாக் கோட்டைக் கதவுகளும் இவருக்குத் திறக்கப்பட வேண்டும், கேட்கும் ஆட்களைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் அவர் வரைந்த இமோலா நகரத்தின் வரைபடம் இன்றைய செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். போர்ஜியாவின் படை ஆற்றைக் கடக்க, இரும்போ கயிறோ இல்லாமல் மரத்துண்டுகளை வைத்தே ஒரு பொறியாளர் பாலம் அமைத்தார் என்று கணித மேதை பச்சோலி எழுதி வைத்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. லியொனார்டோவின் நண்பர் அவர், அதனால் அந்தப் பொறியாளர் இவர்தான் என்று கருதப்படுகிறது. அப்படியென்றால் கடிதத்தின் முதல் பத்தி ஒருவழியாக நிறைவேறிவிட்டது.

பத்தாவது பத்தியின் கதைதான் வேறு மாதிரிப் போனது.

குதிரை வேலையை லுடோவிகோ அவரிடம்தான் கொடுத்தார். ஆனால் 1489 ஜூலையில் மிலானில் இருந்த புளோரன்ஸ் தூதர் தன் ஊருக்கு எழுதிய கடிதத்தில், குதிரையை லியொனார்டோவிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், அவரால் முடிக்க முடியுமா என்பது சந்தேகம், வேறு ஒன்றிரண்டு வல்லுநர்களை அனுப்ப முடியுமா என்று டியூக் கேட்கிறார் என்கிறார். அதாவது ஆள் வேலையில் இருக்கும்போதே மாற்று ஆள் தேடுகிறார்கள்! அடுத்த வருஷம் ஏப்ரல் 23-ல் குதிரையை மறுபடி ஆரம்பித்ததாக லியொனார்டோ குறித்து வைத்திருக்கிறார். முதலில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரையாக யோசித்தவர், அவ்வளவு எடையைப் பின்னங்கால்கள் தாங்காது என்பதாலோ என்னவோ, நடக்கும் குதிரையாக மாற்றினார். உயரம் சுமார் 24 அடி, குதிரை மட்டும். அந்த அளவில் ஒரே வார்ப்பாக வெண்கலம் வார்த்தவர்கள் அவர் காலத்தில் எவரும் இல்லை.

இவ்வளவு அக்கறையோடு அவர் செய்த வேலைகள் குறைவு. மாட்ரிட் நூலகத்தில் காணாமல் போயிருந்து 1960-களில் மறுபடி கிடைத்த அவருடைய நோட்டில், அச்சு எப்படி, உலைகள் எத்தனை, உருகிய உலோகம் எங்கெல்லாம் வழியும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. தலைகீழாக வார்த்தால் குழி மிக ஆழமாகும், நிலத்தடி நீர் வந்துவிடும். ஆகவே 1493 டிசம்பர் 20-ல், குதிரையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாலைத் தனியாக விட்டு வார்ப்பது என்று முடிவு செய்கிறார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஸ்ஃபோர்சா குடும்பத்துப் பெண்ணுக்கும் பேரரசர் மாக்ஸிமிலியனுக்கும் நடந்த திருமணத்தின்போது, களிமண்ணால் செய்த முழு அளவு மாதிரி மிலானில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கவிஞர்கள் புகழ்ந்து தள்ளினார்கள்.

அந்தப் புகழை அவர் பயன்படுத்திக்கொண்ட விதமும் உண்டு. பியாசென்சா நகரத்துக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறார். மணி வார்ப்பவன், பானை செய்பவன், பீரங்கிக்காரன் என்று யார் யாரோ இந்த வேலையைக் கேட்டு வருவார்கள், ஏமாந்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது அந்த வரைவு. இதைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார், டியூக் பிரான்செஸ்கோவின் வெண்கலக் குதிரையைச் செய்யும் லியொனார்டோ என்ற புளோரன்ஸ்காரர், ஆனால் அந்தப் பெரிய வேலை அவருக்கு ஆயுள் முழுக்க இருக்கும், முடிப்பாரா என்பதே சந்தேகம் என்கிறது. எழுதியது வேறு யாரோ என்கிற தொனி. தனக்குத் தானே சிபாரிசுக் கடிதம்! முதல் கடிதத்தில் செய்த வேலை ஒன்றைக்கூடச் சொல்லாதவர், இதில் சொல்ல ஒன்று கிடைத்ததும் அதையே தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறார். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

1494-ல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் இறங்கியது. குதிரைக்காகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 70 டன் வெண்கலத்தை லுடோவிகோ நவம்பரில் தன் மாமனார், ஃபெராராவின் டியூக் எர்கோலேவுக்கு பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார். முதல் கடிதத்தில் யுத்தம் முன்னால், சிலை பின்னால் என்று வரிசைப்படுத்தியவர் லியொனார்டோ. வாசித்தவரும் அதே வரிசையைத்தான் கடைப்பிடித்தார், குற்றம் சொல்ல முடியாது.

இதற்குப் பிறகு லுடோவிகோவுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தின் வரைவு கிடைத்திருக்கிறது. தாள் நெடுக்காகக் கிழிந்து, ஒவ்வொரு வரியிலும் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. இரண்டு வருஷச் சம்பளம் பாக்கி என்கிறார். ஆட்களுக்குத் தன் செலவில் கூலி கொடுத்ததைச் சொல்கிறார். குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், காலம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்கிறார். பத்து எண் போட்டு எதுவும் முடியும் என்று எழுதியவர்தானா இவர் என்று இருக்கிறது. வரிகள் பாதியில் அறுபட்டு நிற்பதால் இன்னும் பரிதாபமாக இருக்கிறது. கடைசியில் லுடோவிகோ அவருக்கு நகரத்தின் எல்லையில் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்தார். 1519-ல் சாகும்வரை லியொனார்டோ அதைக் கைவிடவில்லை, உயிலில்கூட அது வருகிறது.

1499-ல் மிலான் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. உள்ளே புகுந்த காஸ்கனி வில்வீரர்கள் களிமண் குதிரையைக் குறி பார்த்து அம்பெய்து பழகினார்கள். மழையும் பனியும் மீதியைப் பார்த்துக்கொண்டன. லியொனார்டோ ஊரைவிட்டுக் கிளம்பினார். லுடோவிகோ 1500-ல் பிடிபட்டு, பிரான்ஸில் சிறையிலேயே 1508-ல் இறந்தார்.

1501 செப்டம்பரில் ஃபெராராவின் எர்கோலே மிலானில் இருந்த தன் ஆளுக்கு எழுதினார். லியொனார்டோ செய்த குதிரையின் மாதிரி அங்கே கவனிப்பாரற்றுத் தினம் தினம் அழிந்துவருகிறது, அதை வாங்கித் தர முடியுமா, இங்கே அதை வைத்து ஒரு சிலை வார்க்க ஆசை என்று. குதிரைக்கு வைத்திருந்த வெண்கலத்தைப் பீரங்கிக்கு வாங்கிக்கொண்ட அதே எர்கோலே! பிரெஞ்சு மன்னரைக் கேட்காமல் கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

லியொனார்டோ புளோரன்ஸுக்குத் திரும்பியபின் நடந்ததாக ஒரு பழைய கையெழுத்துக் குறிப்பில் ஒரு சம்பவம் இருக்கிறது. தெருவில் சிலர் தாந்தேயின் கவிதை வரிகளுக்கு அர்த்தம் கேட்டு அவரை நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கமாக மைக்கேலாஞ்சலோ வருகிறார். இதோ, இவர் சொல்வார் என்று லியொனார்டோ கைகாட்ட, தன்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்ட அந்த இளைஞர், வெண்கலத்தில் வார்க்கக் குதிரையை வரைந்துவிட்டு, வார்க்க முடியாமல் வெட்கத்தோடு விட்டுவிட்டு வந்தவர்தானே நீ, நீயே சொல் என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். லியொனார்டோ முகம் சிவந்து அங்கேயே நின்றார் என்கிறது அந்தக் குறிப்பு.